அப்பா தனக்குன்னு கட்டி வச்ச கல்லறை

எங்க வீட்டுக் கூடத்துல, உள்ள நொழையும்போதே கண்ணுல படற மாதிரி, ஒரு சுவரு முழுக்க சொல்தாங்க போட்டோ. பிரெஞ்சு ஆர்மியில இருந்தவங்கள எங்க ஊருல சொல்தான்னுதான் சொல்லுவாங்க. ஆர்மிய விட்டு வந்து, பல்லு விழுந்து, கோலு ஊணி நடந்தாலும் அவரு சொல்தாதான். அவரு வீடு சொல்தா வீடு, அவரு பொண்டாட்டி சொல்தா அம்மா. எங்க வீட்டுச் சுவத்துல மொதல்ல கொள்ளுத்தாத்தா. மொத உலகப் போருக்குன்னு கப்பலேறி பிரான்சுக்குப் போனவரு, அங்கியே போய்ச் சேந்துட்டாரு. எங்க பொதைச்சாங்கன்னு இன்னிக்கி வரைக்கும் எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. அடுத்தது தாத்தா, இந்தோசீனாவுக்குப் போயிட்டு உயிரோட திரும்பினவரு. அதுக்கு அடுத்தது எங்க அப்பா. ஆப்பிரிக்காவுல ஏதோ ஒரு பாலைவனத்துல, வெயிலுக்குக் கண்ண இடுக்கிக்கினு நிக்கறாரு.

அப்பா போட்டோவுக்குப் பக்கத்துல ஒரு வெறும் ஆணி. என் தம்பிக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னிக்கி, கோயில்லேர்ந்து வந்ததும் வராததுமா, போட்டிருந்த கோட்டைக்கூடக் கழட்டாம அப்பா சுத்திய எடுத்து அடிச்ச ஆணி அது. சத்தத்துக்குப் பயந்து புள்ள வீல்னு கத்தியிருக்கான். "ஏங்க, கொழந்தை தூங்குதுங்க"ன்னு அம்மா சொன்னதுக்கு, "பழகட்டும்"னாராம். இந்தக் கதைய அப்பா வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பாரு. கேக்கறவங்களும் சிரிப்பாங்க. நான் அவனுக்கு அஞ்சு வருஷம் மூத்தவ. எனக்கு ஆணி கெடையாது. அதுக்காக நான் ஒண்ணும் அழல, அதையும் சொல்லிடறேன்.

எங்க அம்மா சொல்தா வீட்டுப் பொண்ணு இல்ல. அவங்க அப்பா மில்லுல வேல பாத்தவரு. பிரெஞ்சு மாப்பிள்ளன்னா எங்க ஊருல அப்ப எப்படின்னா, அவனுக்கு மூக்கு இருக்கா முழி இருக்கான்னுகூடப் பாக்க மாட்டாங்க. பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கா, முடிஞ்சுது. அம்மாவையும் அப்படித்தான் குடுத்தாங்க. கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அம்மாவுக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு ரெண்டே வார்த்த: பொன்ழூர், மெர்சி; வணக்கம், நன்றின்னு அர்த்தம். அதையும் அப்பாவோட கூட்டாளிங்க வந்தா காபி டம்ளர நீட்டிக்கினே சொல்லணும், அவ்வளவுதான். என்னை கான்வென்ட்டுல தமிழ் மீடியம் போட்டாரு அப்பா. தம்பிய மட்டும் பிரெஞ்சு ஸ்கூலுக்கு, லிசேவுக்கு. "இவ கட்டிக் குடுத்தா போயிடறவ"ன்னு என் முன்னாடியே சொன்னாரு. அப்படியே கட்டியும் குடுத்தாரு, கரெண்ட் ஆபீஸுல வேல பாக்கற ஒரு இந்தியனுக்கு. அந்த மனுசன் தங்கம். அதுல மட்டும் அப்பா எனக்கு நல்லது பண்ணாரு, தெரியாமப் பண்ணாரு.

தம்பிக்குப் படிப்பு ஏறல. வண்டிதான் அவனுக்கு உசுரு. பத்தாவது படிக்கும்போதே தெருவுல எவன் வண்டி நின்னாலும் இவனத்தான் கூப்புடுவாங்க. நகக்கண்ணுல எப்பவும் கிரீஸ் இருக்கும், அதோடவே சோத்துல கைய வச்சிட்டு அம்மாகிட்ட அடி வாங்குவான். ஊருல அப்ப டூரிஸ்டுக்கு வண்டி வாடகைக்கு விடற கடைங்க பெருகிக்கினு இருந்துச்சு. பீச்சுக்குக் கிட்ட ஒரு சின்ன எடம் புடிச்சு, பழைய வண்டிங்கள வாங்கி ரெடி பண்ணி வாடகைக்கு விடணும்னு அவனுக்கு ஆச. பிரெஞ்சு நல்லா பேசுவான், சிரிச்ச மூஞ்சி, வெள்ளக்காரங்க இவன விட்டுட்டு வேற கடைக்குப் போவாங்களா? நான் கூட கடைக்குப் பேரெல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன்.

அப்பாகிட்ட சொன்னான். சோறு துன்னுக்கினு இருந்தவரு தட்டத் தள்ளி வச்சிட்டாரு. "சொல்தா வீட்டுப் புள்ள வெள்ளக்காரனுக்கு வண்டி தொடச்சு வுடுவியாடா?"ன்னாரு. எனக்கு வாயி சும்மா இருக்காது. "வெள்ளக்காரன் வண்டியத் தொடைக்கக் கூடாது, வெள்ளக்காரன் சண்டையப் போடலாமாப்பா?"ன்னேன். என் வீட்டுக்காரரு மேசைக்கு அடியில என் காலை மிதிச்சாரு. அப்பா என்னப் பாக்கவே இல்ல. தம்பியத்தான் பாத்தாரு, அப்புறம் திரும்பி சுவத்துல இருந்த ஆணியப் பாத்தாரு. தம்பியும் பாத்தான். அதுக்கப்புறம் அந்த வீட்டுல கடையப் பத்தி ஒருத்தரும் பேசல.

சுனாமி வந்த அடுத்த வருஷம் அவன் பிரெஞ்சு ஆர்மிக்குக் கெளம்பினான். சென்னை ஏர்போர்ட்டுக்கு வேன் வச்சிக்கினு போனோம். காலாப்பட்டு தாண்டுற வரைக்கும் பின்னாடி சீட்டுல என் தோள்ல தலைய சாச்சிக்கினே வந்தான். "ஒரு அஞ்சு வருஷம் அக்கா. முடிச்சிட்டு வந்து கடை போட்டுடுவேன், பப்பாவும் அப்ப ஒண்ணும் சொல்ல முடியாது"ன்னு காதோரமா சொன்னான். அப்பாவ 'பப்பா'ன்னு கூப்புடறது லிசே பழக்கம். முன்சீட்டுல அப்பா டிரைவர்கிட்ட தன்னோட ரெஜிமென்ட் கதைய அளந்துக்கினு வந்தாரு.

யூனிபார்ம் போட்டோ வந்துச்சு. அப்பா பிரேம் போட்டு ஆணியில மாட்டினாரு. அன்னிக்கி வீட்டுல பிரியாணி. ஞாயித்துக்கெழம சாயங்காலம் தம்பி போன் பண்ணுவான். அப்பாகிட்ட பிரெஞ்சுல பேசுவான், அம்மாகிட்ட தமிழ்ல பேசுவான். "அம்மா, இங்க கருவாடு கெடைக்கலம்மா"ன்னு சொன்னா, அம்மா இந்தப் பக்கம் அழுதுக்கினே சிரிப்பாங்க. ஒரு தடவ நெட் சென்டருக்கு அம்மாவ இட்டுக்கினு போய் கேமராவுல காட்டினேன். அம்மா ஸ்கிரீனத் தொட்டுத் தடவப் போனாங்க, கடைக்காரப் பையன் "கைய வைக்காதீங்கம்மா, கறை ஆயிடும்"னான். "ஆவட்டும் போடா"ன்னாங்க.

கல்லறையப் பத்தி இங்க சொல்லிடணும். தம்பி கெளம்பறதுக்கு முன்னாடியே நடந்தது அது. தாத்தாவ உப்பளம் கல்லறையில பொதைச்சிருக்கு. அதுக்குப் பக்கத்துலியே ஒரு எடத்த அப்பா தனக்குன்னு வாங்கி, கொத்தனார வச்சு உள்ள செங்கல் கட்டி, மேல மார்பிள் கல்லு போட்டு மூடி வச்சிட்டாரு. கல்லுல பிரெஞ்சுல தன் பேரு, சார்ஜென்ட்டுங்கற பதவி, ரெஜிமென்ட், பொறந்த வருஷம், ஒரு கோடு. கோட்டுக்கு அப்புறம் வெறுமை. இது எங்க ஊருல பெரிய அதிசயம் இல்ல, வசதி உள்ளவங்க பண்றதுதான். ஆனா அப்பா மாதிரி அதப் பாத்துப் பாத்துச் செஞ்சவங்க இருக்க மாட்டாங்க. கல்லறைத் திருநாளுக்கு நாங்க போனா, கோட்டு, தொப்பி, மெடல் எல்லாம் போட்டுக்கினு வந்து, தாத்தா கல்லறைக்கு ஒரு சல்யூட் அடிப்பாரு. அப்புறம் கைக்குட்டைய எடுத்து தன் கல்ல தொடைப்பாரு. "பப்பா, உள்ள ஒரு ஃபேன் போட்டிருக்கலாமே"ன்னு தம்பி ஒரு தடவ கேட்டுட்டான். பக்கத்துக் கல்லறையில செபம் சொல்லிக்கினு இருந்தவங்ககூடச் சிரிச்சிட்டாங்க. அப்பாவுக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

அப்புறம் ஆப்கானிஸ்தான். அங்க போறேன்னு அவன் சொன்னப்ப அம்மாவுக்கு அது எங்க இருக்குன்னு தெரியாது. பிரான்சுக்குள்ளியே ஒரு ஊருன்னு நெனச்சாங்க. நானும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

தவக்காலத்துல ஒரு வெள்ளிக்கெழம காலையில கார் வந்து நின்னுச்சு. எனக்கு அப்ப ஏழாம் மாசம், அம்மா வீட்டுலதான் இருந்தேன். ஜன்னல் வழியாப் பாத்தேன். யூனிபார்ம்ல ஒரு வெள்ளக்கார அதிகாரி, பிரெஞ்சு தூதரகத்துலேர்ந்து கோட்டு சூட்டுல ஒருத்தரு, அவங்க ஆபீஸுல வேல பாக்கற நம்ம ஊரு ஆளு ஒருத்தரு. அப்பா லுங்கியோட இருந்தாரு. பாத்தாரு, விடுவிடுன்னு உள்ள போய் பேன்ட்டும் கோட்டும் போட்டுக்கினு வந்தாரு. என்னா சேதின்னு அவங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே, கூடத்துல நடு எடத்துல வெறைப்பா நின்னாரு. அதிகாரி சொன்னாரு. நாலஞ்சு வாக்கியம் இருக்கும். அப்பா மூஞ்சியில ஒரு நரம்பு அசையல. "வீ, மொன் கொமாந்தான்"னு மட்டும் சொன்னாரு. ஆமாங்கய்யான்னு அர்த்தம்.

அம்மா அடுப்பங்கரையிலேர்ந்து வந்தவங்க, அந்த அதிகாரி தொப்பியக் கழட்டி நெஞ்சாண்ட வச்சிருந்ததப் பாத்தாங்க. அவங்களுக்கு யாரும் தமிழ்ல சொல்ல வேண்டியிருக்கல. கதவப் புடிச்சிக்கினே சரிஞ்சாங்க. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க ஓடியாந்து உள்ள தூக்கிக்கினு போனாங்க. நான் வயித்தப் புடிச்சிக்கினு கூடத்துலியே நின்னேன்.

அந்த அதிகாரிங்கள நான் ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். பொறுமையா, மெதுவாத்தான் கேட்டாங்க. நம்ம ஊரு ஆளு எனக்கும் புரியணும்னு தமிழ்லயும் சொன்னாரு. "குடும்பத்தோட விருப்பம் என்னன்னு கேக்கறாரு. ஊருக்குக் கொண்டாரணும்னா கொண்டாந்து குடுக்கறோம். பிரான்சுலியே அடக்கம் பண்ணணும்னாலும் முழு மரியாதையோட பண்றோம். அவசரமே இல்லீங்க, வீட்டுல கலந்துக்கினு சொல்லுங்க."

அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. "ஆர்மி எப்படி சொல்லுதோ அப்படி."

அந்த ஆளு தயங்கினாரு. "ஐயா, ஆர்மி ஒண்ணும் சொல்லலீங்க. உங்களத்தான் கேக்குது."

"அப்பா, அம்மாவ ஒரு வார்த்த கேளுங்கப்பா"ன்னேன்.

என் பக்கம் திரும்பாமலே, "உள்ள போ"ன்னாரு. அப்புறம் அதிகாரியப் பாத்து, "பிரான்சுலியே"ன்னாரு.

அவ்வளவுதான். இத்தன வருஷத்துல அன்னிக்கித்தான் ஆர்மி எங்க அப்பாகிட்ட ஒரு கேள்வி கேட்டுது. அதுவரைக்கும் உத்தரவுதான் போட்டிருக்கு. கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாம, அதையும் உத்தரவு மாதிரியே நெனச்சுக்கினு நின்னாரு அந்த மனுசன். அன்னிக்கி எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் போகல.

அம்மா கண்ண முழிச்சதும் கேட்ட மொத கேள்வி, "எப்ப கொண்டாறாங்க?" நான் சொன்னேன். அம்மா எழுந்து கூடத்துக்குப் போனாங்க. அப்படி ஒரு கொரல அம்மாகிட்ட நான் கேட்டதே இல்ல.

"ஏற்கெனவே உங்க வீட்டு ஆளு ஒருத்தர அங்க தொலைச்சிட்டு எந்த மண்ணுல கெடக்காருன்னு தெரியாம இருக்கீங்க. அது பத்தலியா? என் புள்ளய எனக்குக் கொண்டாந்து குடுங்க. உப்பளம் எனக்கு நடந்து போற தூரம். வாராவாரம் போய்ப் பாப்பேன். எனக்கு வேற என்னா இருக்கு?"

அப்பா சேர்ல உக்காந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கினு இருந்தாரு. ஆமாம், பாலிஷ்தான். "அவன் பிரான்சுக்காக செத்திருக்கான். பிரான்சுதான் பொதைக்கணும்"னாரு.

"ஒரு போனு. ஒரே ஒரு போனு போட்டுச் சொல்லுங்க. கொண்டாந்துடுவாங்களாம்."

"சொல்லியாச்சு. ஒரு அதிகாரிகிட்ட சொன்னத மாத்தி எனக்குப் பழக்கம் இல்ல."

மறுநாள் அம்மாவ ஆட்டோவுல ஏத்திக்கினு அந்த ஆபீஸுக்கே போனேன். அந்தக் கோட்டு சூட்டு மனுசன் அம்மா கையப் புடிச்சிக்கினாரு. அவரு கண்ணும் செவந்திருந்துச்சு. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒண்ணு சொன்னா நாங்க எப்படிம்மா முடிவெடுக்கறது, ரெண்டு பேரும் ஒண்ணா வந்து சொல்லுங்க, உடனே ஏற்பாடு பண்றோம்னு சொன்னாரு. அவரு சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. அம்மா "மெர்சி"ன்னாங்க. காபி டம்ளர் இல்லாம அந்த வார்த்தைய அம்மா சொன்னது அப்பத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பா கால்ல விழுந்தாங்க. பாலிஷ் போட்ட அந்த ஷூ மேலியே தலைய வச்சாங்க. அப்பா காலை மெதுவா பின்னாடி இழுத்துக்கினாரு. "எழுந்துரு. அக்கம்பக்கம் பாக்குது"ன்னாரு. அதுக்கு மேல அம்மா கேக்கல. செத்தாலும் கேக்க மாட்டாங்கன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சு.

ரெண்டு பேரையும் பிரான்சுக்கு இட்டுக்கினு போனாங்க. வயித்துப் புள்ளையோட என்னால போக முடியல. திரும்பி வந்ததும் அப்பா தெருவுல எல்லார்கிட்டயும் சொன்னாரு. பெட்டி மேல கொடி போத்தினாங்களாம், பேண்டு வாசிச்சாங்களாம், பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வந்து கைய குடுத்தாங்களாம். கேட்டவங்க எல்லாம் "குடுத்து வச்ச புள்ள"ன்னாங்க. என்னாத்த குடுத்து வச்சான்? வண்டிக்கடை வைக்கணும்னு இருந்த புள்ள. எனக்கு அவங்க வாயில நெருப்ப வைக்கணும் போல இருந்துச்சு.

அம்மா என்கிட்ட மட்டும் சொன்னாங்க. "பெட்டியத் தொறக்கலடி. ஒரே குளுரு. குழிக்குள்ள மண்ணு போடலாம்னு குனிஞ்சா, ஒரு தட்டுல ரோசா இதழ நீட்டறாங்க. அவங்க வழக்கமாம். புள்ள மேல ஒரு புடி மண்ணு போட வுடல." அப்புறம் ஜாக்கெட்டுக்குள்ளேர்ந்து ஒரு கைக்குட்டைய எடுத்தாங்க. முடிச்சு போட்டிருந்துச்சு. "எல்லாரும் கெளம்பும்போது ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சேன்"னாங்க. கருப்பா, ஈரமா, நம்ம ஊரு மண்ணு மாதிரியே இல்ல. அத மாதா சுரூபத்துக்குப் பின்னாடி வச்சாங்க. அப்பா தெனமும் அதுக்கு முன்னாடி நின்னுதான் செபம் சொல்லுவாரு, அவருக்குத் தெரியாது.

மே மாசம் எனக்குப் பையன் பொறந்தான். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கி அப்பா கொழந்தைய வாங்கி மடியில வச்சிக்கினு, "இவனுக்கும் நேஷனாலிட்டி எடுத்துடலாம், உன் வழியா வரும்"னாரு. அப்புறம் அண்ணாந்து சுவத்தப் பாத்தாரு. தம்பி போட்டோவுக்குப் பக்கத்துல கொஞ்சம் எடம் இருந்துச்சு. புள்ளப் பெத்த ஒடம்புன்னுகூடப் பாக்காம எழுந்து நின்னேன். "அந்தச் சுவத்துல இன்னொரு ஆணி அடிச்சீங்க, சுவத்தையே இடிச்சுத் தள்ளிடுவேன். கொழந்தையக் குடுங்க." குடுத்துட்டாரு. சாயங்காலமே என் வீட்டுக்காரர வரச் சொல்லி எங்க வீட்டுக்குக் கெளம்பிட்டேன். அம்மாவும் கூட வந்து ஒரு மாசம் இருந்தாங்க.

ஜூலை பதினாலு வந்துச்சு. பிரெஞ்சுக்காரங்க தேசிய நாளு, எங்க ஊரு சொல்தாங்களுக்கு அதுதான் பெருநாள். அன்னிக்கி பீச் ரோட்டுல ஊர்வலம் போவாங்க. அந்த வருஷம் அப்பாவ முன்னாடி நடக்க விட்டாங்க. தம்பிக்குன்னு வந்த மெடல ஒரு சின்ன மெத்தையில வச்சு கையில ஏந்திக்கினு நடந்தாரு. ஒரு தப்படி தப்பல. கூட்டம் கைதட்டிச்சு. அம்மா வீட்டுல கதவச் சாத்திக்கினு சுண்டக்கா வத்தல காயப் போட்டுக்கினு இருந்தாங்க.

ஒண்ணு சொல்லணும், இல்லன்னா நான் பொய் எழுதினதா ஆயிடும். ஞாயித்துக்கெழம சாயங்காலம், தம்பி போன் பண்ற நேரத்துக்கு, அப்பா பேப்பர எடுத்துக்கினு போனுக்குப் பக்கத்துல போய் உக்காருவாரு. படிக்கற மாதிரிதான். ஒரு பக்கத்தக்கூடத் திருப்ப மாட்டாரு. நான் ஒரு தடவ பாத்துட்டேன். எரக்கம் வந்துச்சு. அம்மா விழுந்தப்ப அந்தக் காலு பின்னாடி நகந்தது ஞாபகம் வந்துச்சு. வந்த எரக்கத்த அப்படியே முழுங்கிட்டேன்.

அக்டோபர்ல ஒரு நாள் அம்மா, "உப்பளம் வரைக்கும் போயிட்டு வரலாம், வா"ன்னாங்க. கையில ஒரு மரப்பெட்டி. கொழந்தையத் தூக்கிக்கினு நானும் கெளம்பினேன். உள்ள என்னான்னு வழியில காட்டினாங்க. தம்பி சின்ன வயசுல கோயில்ல புதுநன்மை வாங்கினப்ப போட்டிருந்த வெள்ளச் சட்ட. தேஞ்சு போன ரப்பர் செருப்பு. கிரீஸ் ஒட்டின ஒரு ஸ்பேனர். மாதா சுரூபத்துக்குப் பின்னாடி இருந்த கைக்குட்ட. "லிசே டை இருக்கே, அத வைக்கலியாம்மா?"ன்னேன். கொஞ்சம் யோசிச்சாங்க. "வேணாம். அது உங்க அப்பா போட்ட கணக்கு"ன்னாங்க.

சாமியார்கிட்ட அம்மா ஏற்கெனவே பேசி வச்சிட்டாங்க. ஒடம்பு இல்லாம கல்லறைய செபம் சொல்லி மந்திரிப்பீங்களான்னு கேட்டதுக்கு, அவன் குழியாண்ட இருந்த மண்ணு வந்திருக்கில்லம்மா, மந்திரிக்கலாம்னு சொல்லியிருக்காரு. வீட்டுக்காரருக்குத் தெரியுமான்னும் கேட்டிருக்காரு. "தெரிஞ்சிடும் சாமி"ன்னு அம்மா சொன்னாங்களாம்.

அப்பாவுக்குக் கல்லறை கட்டின அதே கொத்தனாரு ரெண்டு ஆளோட அங்க நின்னுக்கினு இருந்தாரு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. எனக்கே கொஞ்சம் திக்குனு ஆயிடுச்சு, பொய் சொல்லல.

"அம்மா, சார்ஜென்ட் ஐயா வந்து கேட்டா நான் என்னாம்மா பதில் சொல்றது?"ன்னாரு கொத்தனாரு.

"அவரு பொண்டாட்டி சொல்லுச்சுன்னு சொல்லுப்பா. தொற."

கல்லப் பெயர்த்தாங்க. உள்ள செங்கல் கட்டின வெறும் குழி, ஓரத்துல ஒரு எறும்புப் புத்து. அம்மாவே உக்காந்து, கைய நீட்டிப் பெட்டிய எறக்கினாங்க. ஒரு புடி மண்ணு அள்ளிப் போட்டாங்க. என்னையும் போடச் சொன்னாங்க. போட்டேன். என் பையன் கையிலயும் கொஞ்சம் வச்சுப் போட வச்சேன், அவன் வாயில வச்சிக்கப் பாத்தான். சாமியாரு வந்து செபம் சொல்லித் தண்ணி தெளிச்சாரு. அப்பத்தான் அம்மா அழுதாங்க. பிரான்சுல அழலியாம். எங்க அம்மா அழுதத நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன், அன்னிக்கி அழுத மாதிரி பாத்தது இல்ல. நானும் கூட உக்காந்து ஓ-ன்னு அழுதேன், யாரு பாத்தா என்னா?

அந்தக் கல்ல அம்மா திரும்ப அப்படியே மூட விடல. கல்லு வெட்டறவர்கிட்ட அனுப்பி, அடிப்பக்கத்தப் பாலிஷ் போட வச்சு, அந்தப் பக்கத்துல தம்பி பேர வெட்டச் சொன்னாங்க. தமிழ்ல. அம்மா படிக்கத் தெரிஞ்ச எழுத்துல. பொறந்த வருஷம், செத்த வருஷம். பதவி இல்ல, ரெஜிமென்ட் இல்ல, நாடு இல்ல. புதுக் கல்லே வாங்கிடலாமேம்மான்னு நான் சொன்னேன். "எதுக்கு? இதுல எடம் இருக்கு"ன்னாங்க. அப்பா பேரும் பதவியும் கீழ் பக்கமா, பெட்டியப் பாத்துக்கினு போயிடுச்சு.

கல்லறைத் திருநாள். உப்பளத்துல கூட்டம்னா கூட்டம், சாமந்தியும் கோழிக்கொண்டையும் கேட்டுலேர்ந்தே குவிஞ்சு கெடக்கு. வழக்கம் போல அப்பா கோட்டு, தொப்பி, மெடலோட வந்தாரு. தாத்தா கல்லறைக்கு முன்னாடி நின்னு சல்யூட் அடிச்சாரு. கைக்குட்டைய எடுத்துக்கினு பக்கத்துல திரும்பினாரு.

குனிஞ்சவரு அப்படியே நின்னுட்டாரு. படிச்சாரு. லிசேவுல படிச்ச ஆளு, தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாரு, அதனால கொஞ்சம் நேரம் ஆச்சு. நிமிந்து கல்லோட ஓரத்தப் பாத்தாரு, தன் கல்லுதான்னு அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. கத்துவாருன்னு நெனச்சேன். கத்தினா திருப்பிக் குடுக்க வாயில அத்தனையும் ரெடியா வச்சிருந்தேன். அவரு கத்தல. மெடலுங்க கோட்டு மேல லேசா ஆடிச்சு. அம்மா அவரு பக்கம் பாக்காம, கல்லு மேல மெழுகுவத்திய நட்டு, கடல் காத்துக்கு ரெண்டு கையாலயும் மறைச்சுக்கினு ஏத்திக்கினு இருந்தாங்க.

அப்பா ரொம்ப மெதுவா, பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு கேட்டாரு. "அப்ப என்னைய எங்க வைப்பே?"

அம்மா திரி பத்திக்கற வரைக்கும் பொறுத்து, தீக்குச்சிய அணைச்சிட்டு, தல நிமிராமச் சொன்னாங்க.

"ஆர்மி எப்படி சொல்லுதோ அப்படி."